வாக்கு ஊரில், வாழ்க்கை வெள்ளவத்தையில்

கேள்வி: நாங்கள் ஹட்டன் பக்கத்தவர்கள். வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அனெக்ஸில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் வாக்கு இன்னும் தோட்டத்து விலாசத்தில்தான் இருக்கிறது. 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலன்று கணவருக்குப் புறக்கோட்டைக் கடையில் லீவு கிடைக்கவில்லை. நானும் போகவில்லை. இங்கே குப்பை எடுக்க வராவிட்டால் யாரிடம் சொல்வதென்றும் தெரியவில்லை. அடுத்த முறை கொழும்பிலேயே வாக்களிக்க ஆசை. ஆனால் வீட்டுக்கார அம்மா, "என் வீட்டு விலாசத்தில் உங்கள் பெயரைப் பதியக் கூடாது" என்கிறார். மகளுக்கு வரும் ஒக்டோபரில் 18 வயது ஆகிறது. எங்களோடு இருக்கும் என் அம்மாவுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இவ்வளவு பெரிய கொழும்பில் எங்கள் நாலு பேருடைய வாக்கால் ஏதாவது ஆகுமா?
(வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்பது வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அவ்வளவு காலம் கேட்கவே இல்லை. இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த வருடம் பெப்ரவரி 1ஆம் திகதி அந்த விலாசத்தில் வழமையாகக் குடியிருக்க வேண்டும். கொழும்பில் வாக்காளராவதற்கு இவ்வளவுதான் தகுதி. சொந்த வீடா வாடகை வீடா என்று சட்டம் பார்ப்பதில்லை. அடையாள அட்டையில் ஹட்டன் விலாசம் இருப்பதும் தடையில்லை. அந்த அட்டை நீங்கள் யாரென்று காட்டத்தான், எங்கே வாக்களிப்பது என்பதைத் தீர்மானிப்பது வாக்காளர் இடாப்பு.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம். வாக்களிப்பு நாளன்று காலையில் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனவர், அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிட்டார். பட்டியலில் பெயர் இல்லை. முந்திய வருடம் வந்த கணக்கெடுப்புப் படிவத்தை யாரும் நிரப்பிக் கொடுக்கவில்லை, தேடி வந்து கேட்பாரும் இல்லை. அன்றைக்கு அவர் யாரோடும் பேசவில்லை. சட்டத்தரணியான பிறகு நான் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: தேர்தல் நாளன்று நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வாக்கு பிழைப்பதும் தொலைவதும் அதற்குப் பல மாதங்களுக்கு முன், கிராம உத்தியோகத்தரின் மேசையில்.

ஆகவே அங்கிருந்து தொடங்குவோம். கிராம சேவகர், ஜீ.எஸ். என்று நாம் சொல்லும் உத்தியோகத்தர்தான் ஒவ்வொரு வருடமும் இடாப்பைத் திருத்தும் வேலையின் முதல் ஆள். வெள்ளவத்தை, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. உங்கள் ஜீ.எஸ். யார், எந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்பதை அங்கே கேட்டால் சொல்வார்கள். வருட ஆரம்பத்தில் போய், புதிதாகப் பதிய வேண்டும் என்று சொல்லிப் படிவத்தைக் கேளுங்கள். எல்லோரும் பீ.சீ. படிவம் என்று சொல்வது அதைத்தான். தமிழிலேயே கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, படிவமும் தமிழில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு திருத்திய பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். யாரைச் சேர்க்கிறார்கள், யாரை நீக்குகிறார்கள் என்று அதில் இருக்கும். ஜீ.எஸ். அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்க்கலாம். பெயர் விடுபட்டிருந்தால் உரிமை கோரி விண்ணப்பிக்கும் காலம் அதுதான். இந்தக் கட்டத்தை ஏறக்குறைய எல்லோரும் தவற விடுகிறார்கள். இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்பட்ட பிறகு, தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து நீங்களே சரிபார்க்கலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் ஏறாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு என்னிடம் வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்தப் பிந்திப்போன ஓட்டம்தான்.

மகளின் விஷயம் நீங்கள் நினைப்பதைவிட இலகு. முன்பெல்லாம் குறித்த திகதிக்கு ஒரு நாள் பிந்திப் பிறந்தாலும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 2021இல் சட்டத்தைத் திருத்தி, வருடத்தில் மூன்று தடவை குறைநிரப்பு இடாப்பு தயாரிக்க வழி செய்தார்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி முடிவுக்குள் 18 நிறைபவர்கள் ஒரு தொகுதி. மகள் அதில் வருவாள். அவளையே ஜீ.எஸ்.ஸிடம் அனுப்புங்கள், தன் படிவத்தை அவளே நிரப்பட்டும்.

இனி, கொஞ்சம் யோசித்து முடிவு எடுக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். ஒருவருடைய பெயர் ஓரிடத்தில்தான் இருக்கலாம். கொழும்பில் பதிந்தால் தோட்டத்து விலாசத்திலிருந்து பெயர் போய்விடும். உள்ளூராட்சிக்கு மட்டும் கொழும்பு, பாராளுமன்றத்துக்கு நுவரெலியா என்று பிரிக்க முடியாது. மலையகக் குடும்பம் ஒன்றுக்கு இது வெறும் விலாச மாற்றம் இல்லை என்பது எனக்குத் தெரியும். 1931இல் சர்வசன வாக்குரிமையோடு தோட்ட மக்களில் பலருக்குக் கிடைத்த வாக்கு, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பறிபோனது. அதன் கடைசி முடிச்சு அவிழ 2003இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. உங்கள் அம்மா அந்தக் காலத்தைக் கடந்து வந்தவராக இருக்கலாம். தோட்டத்து இடாப்பில் பெயர் இருப்பதை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். ஊரில் வீடு, காணி பற்றிய எதிர்பார்ப்பு ஏதாவது இருந்தால் அதையும் பேசிக்கொள்ளுங்கள். அவர் ஊரிலேயே வாக்கை வைத்துக்கொள்ள விரும்பினால், வருடத்தில் எத்தனை மாதம் அங்கே இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சட்டம் கேட்பது உண்மையான குடியிருப்பை. நீங்களும் கணவரும் மகளும் ஒன்பது வருடமாகக் கொழும்புத் தண்ணீரைக் குடித்து, கொழும்பு நுளம்பிடம் கடி வாங்கி வாழ்கிறீர்கள். என் அபிப்பிராயத்தில் உங்கள் மூவரின் வாக்கும் இங்கேதான் இருக்க வேண்டும்.

ஊரில் வைத்திருப்பதென்று முடிவெடுத்தால் லீவு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வாக்களிக்கப் போகும் தனியார் துறை ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று தேர்தல்கள் ஆணைக்குழு தொழில்தருநர்களுக்கு அறிவிக்கிறது. 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 100 வரை ஒரு நாள், 100க்கும் 150க்கும் இடையில் ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். ஹட்டன் அந்த ஒன்றரை நாள் தூரத்துக்குள் வரும். கணவர் எழுத்தில் லீவு கேட்டு, அதன் பிரதியை வைத்திருக்கட்டும். முதலாளி மறுத்தால் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்ய அந்தத் தாள் வேண்டும். தபால் மூலம் வாக்களிக்கும் வசதி அரச ஊழியர் போன்றோருக்குத்தான். கடைப் பிள்ளைகளுக்கு அது இல்லை. புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் எத்தனை மலையகப் பிள்ளைகளின் வாக்கு இப்படி ஒவ்வொரு தேர்தலிலும் பெட்டிக்குப் போகாமல் நின்றுவிடுகிறது என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு என்பதால் துணைக்கு ஒருவரை வாக்களிப்பு நிலையத்துக்குள் அழைத்துப் போக 2011ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு போனால் மட்டும் விடமாட்டார்கள். தகுதிச் சான்றிதழ் படிவத்தை முன்கூட்டியே எடுத்து, ஜீ.எஸ்.ஸிடமும் வைத்தியரிடமும் உறுதிப்படுத்தி வைத்திருக்க வேண்டும். தேர்தலுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நாலு பேருடைய வாக்கால் ஏதாவது ஆகுமா?

மாநகர சபை வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்திருக்கிறது. வெள்ளவத்தை வடக்கு, வெள்ளவத்தை தெற்கு, பாமன்கடை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி என்று நாம் தினமும் சொல்லும் பெயர்களே வட்டாரப் பெயர்களும். 2018 முதல் இருக்கும் கலப்பு முறையில் உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்திலிருந்தும், 40 வீதம் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வாக்குச்சீட்டு ஒன்றுதான். அதில் கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும் இருக்கும், வேட்பாளரின் பெயர் இருக்காது. விருப்பு வாக்கு எண் கிடையாது. ஒரே ஒரு புள்ளடி. பாராளுமன்றத் தேர்தல் பழக்கத்தில் கீழே எண்களைத் தேடுவதும், இரண்டு சின்னத்துக்குப் புள்ளடி போடுவதும் வேண்டாம்.

இந்த ஒரு புள்ளடி இரண்டு வேலை செய்கிறது. முதலில் உங்கள் வட்டாரத்தில் யார் வெல்வது என்பதற்கு எண்ணப்படும். பிறகு மாநகரம் முழுவதும் அந்தக் கட்சி எடுத்த மொத்த வாக்கோடு சேரும். ஓர் உதாரணம் சொல்கிறேன், இலக்கங்கள் விளக்கத்துக்காக மட்டும். 100 ஆசனமுள்ள ஒரு சபையில் ஒரு கட்சிக்கு 10 வீத வாக்கு கிடைத்தால் அதற்கு 10 ஆசனம் உரித்து. வட்டாரங்களில் நான்கை வென்றிருந்தால் மிச்சம் ஆறும் பட்டியலிலிருந்து வரும். ஒரு வட்டாரத்தையும் வெல்லாவிட்டாலும் பத்தும் பட்டியலில் வரும். அதனால் உங்கள் வட்டாரத்தில் தோற்றுப்போகும் சின்னத்துக்குப் போட்ட வாக்கும் வீணாவதில்லை. நகரமெங்கும் சிதறி வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் இந்த முறையின் பெரிய பலன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பட்டியலிலிருந்து யார் உள்ளே போவது என்பதைத் தேர்தலுக்குப் பிறகு கட்சிதான் தீர்மானிக்கிறது. எனவே வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிறவரிடம், "உங்கள் பட்டியலில் வெள்ளவத்தைக்காரர் யார் இருக்கிறார், அவருக்கு ஆசனம் கொடுப்பீர்களா?" என்று நேரே கேளுங்கள். பதிலைவிட அவர் முகம் அதிகம் சொல்லும். பெண்களுக்கு 25 வீதம் என்ற விதியும் இதே இடத்தில்தான் நடைமுறையாகிறது. 2018க்கு முன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதத்தைக்கூடத் தொடவில்லை. அந்த ஒரு தேர்தலோடு ஐந்தில் ஒருவருக்கு மேல் பெண்கள் ஆனார்கள். நான் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் சட்டத்தின் ஒரு வரி இவ்வளவு சீக்கிரம் சபையின் முகத்தை மாற்றியதைக் கண்டதில்லை.

2025 தேர்தலுக்குப் பிறகு கொழும்பில் நடந்ததைப் பாருங்கள். 117 பேர் கொண்ட சபையில் அதிக ஆசனம் பெற்ற கட்சிக்கும் 48தான், அதாவது பாதிகூட இல்லை. மேயரை மக்கள் நேரே தெரிவு செய்வதில்லை. ஒரு கட்சிக்குப் பாதிக்கு மேல் இருந்தால் அதுவே பெயரைச் சொல்லும், இல்லாவிட்டால் சபைக்குள் வாக்கெடுப்பு. ஜூன் 16ஆம் திகதி இரகசிய வாக்கெடுப்பில் அந்தக் கட்சியின் விராய் கெலி பல்தசார் 61க்கு 54 என்று வென்று மேயரானார். வென்ற பக்கத்திலிருந்து நாலு உறுப்பினர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். அப்படிப்பட்ட ஓர் உறுப்பினர் சில வேளை ஒரு வட்டாரத்தில் சில தெருக்களின் வாக்கில்தான் வருகிறார். உங்கள் நாலு வாக்கை நான் சின்னது என்று சொல்லமாட்டேன்.

உறுப்பினர் இல்லாத காலமும் நமக்குத் தெரியும். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல் பணம் இல்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்த இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். வடிகான் அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் கதவைத் தட்டிக் கேட்க நம் வட்டாரத்து ஆள் என்று ஒருவர் இல்லை. அப்போதுதான் பலருக்கு உள்ளூராட்சி என்றால் என்ன என்று விளங்கியது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கே குவிந்தது கொழும்பு நகரக் குப்பை. அது விழுந்த வீடுகளின் மக்கள் கொலன்னாவையின் வாக்காளர்கள், கொழும்பு மாநகர சபைக்கு அவர்களுக்கு வாக்கில்லை. எல்லைக் கோடு எங்கே போகிறது என்பது இவ்வளவு பெரிய விஷயம். காலி வீதியில் வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்குள் போனால் வேறு மாநகர சபை. பத்து நிமிடம் தள்ளி வீடு மாறினாலும் பதிவையும் மாற்றுங்கள்.

குப்பை பற்றிக் கேட்டீர்கள். பதிவு நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வட்டார உறுப்பினர் எல்லோருக்கும் உறுப்பினர்தான், அவருக்கு வாக்களித்தவர்களுக்கு மட்டும் இல்லை. ஒரு கடிதம் எழுதி, உங்கள் ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் வீதிக்குக் குப்பை வண்டி வரவேண்டிய நாட்கள் எவை என்று மாநகர சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மகளுக்கு ஆர்வம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பெஃப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகள் தேர்தலுக்குத் தேர்தல் தொண்டர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. 18 வயதில் ஒரு வாக்களிப்பு நிலையத்தில் நாள் முழுவதும் நின்று பார்ப்பது நல்ல படிப்பு. போட்டியிட விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுயேச்சையாகத் தனி ஆள் ஒரு வட்டாரத்தில் மட்டும் நிற்க முடியாது. முழுச் சபைக்கும் ஒரு குழுவாக வேட்புமனு கொடுக்க வேண்டும். கட்டுப்பணம் ஆளுக்கு 5,000 ரூபா என்பதால் கொழும்பில் அது பல இலட்சம் ஆகிவிடும். கட்சி வேட்பாளருக்கு 1,500தான். இந்த வித்தியாசம் நியாயம் என்று எனக்குப் படவில்லை.

தேர்தல் நாளுக்குச் சொல்ல அதிகம் இல்லை. கடந்த உள்ளூராட்சித் தேர்தலில் காலை 7 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வாக்களிப்பு நடந்தது. வாக்காளர் அட்டை தபாலில் வராவிட்டாலும் வாக்களிக்கலாம், ஆனால் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போல ஏற்றுக்கொள்ளும் ஆவணம் ஒன்று கையில் இருக்க வேண்டும். அடையாள அட்டை தொலைந்திருந்தால் தற்காலிக அட்டைக்கு ஜீ.எஸ். மூலம் முன்பே விண்ணப்பியுங்கள். வாக்குச்சீட்டைப் படம் எடுக்க வேண்டாம். அரிசிப் பொதி கொடுத்து வாக்குக் கேட்பது குற்றம், அதை வாங்கிக்கொண்டு வாக்கை விற்பதும் குற்றம்.

கடைசியாக வீட்டுக்கார அம்மா. அவர் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. பெயர் பதிந்தால் நாளைக்கு வீட்டுக்கு உரிமை கோருவார்கள் என்று கொழும்பில் பலர் நம்புகிறார்கள். இன்னொரு பயமும் இருக்கிறது. 2007 ஜூனில் இதே வெள்ளவத்தையில் லொட்ஜ்களில் இருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதையும், உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியதையும் பார்த்த தலைமுறைக்கு, பெயர், விலாசம் கேட்கும் எந்தத் தாளும் பொலிஸ் பதிவைத்தான் ஞாபகப்படுத்தும். அவரும் அதைப் பார்த்தவராக இருக்கலாம். ஆகவே சண்டை பிடிக்காமல், ஒரு நாள் தேநீரோடு உட்கார்ந்து சொல்லுங்கள். இது பொலிஸுக்குப் போகும் படிவம் இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது உறுதிப் பத்திரம் ஆகாது, வீட்டில் ஒரு அங்குலத்துக்கும் உரிமை தராது. நீங்கள் வீடு மாறினால் பெயரும் மாறிவிடும். வேண்டுமானால் வீட்டின் மீது உங்களுக்கு எந்த உரித்தும் இல்லை என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவருடைய பிள்ளைகள் யாராவது வாடகைக்கு இருந்து, குழந்தையை முதலாம் தரத்துக்குச் சேர்க்க அலைந்திருந்தால், இடாப்பில் பெயர் இருப்பதன் பெறுமதி அவருக்கே தெரிந்திருக்கும்.

அதற்கும் இணங்காவிட்டால் அவருடைய சம்மதம் இல்லாமலும் உங்களுக்கு வழி இருக்கிறது. அனெக்ஸில் நீங்கள் தனிக் குடித்தனம், அதன் பிரதான குடியிருப்பாளர் உங்கள் கணவர். வாடகை ஒப்பந்தம், வாடகைப் பற்றுச்சீட்டுகள், மகளின் பாடசாலைக் கடிதம், உங்கள் பெயருக்கு அந்த விலாசத்தில் வந்த வங்கிக் கடிதம், எது கிடைக்கிறதோ அவற்றை எடுத்துக்கொண்டு நேரே ஜீ.எஸ்.ஸிடம் போங்கள். அவர் பதியாவிட்டால் பட்டியல் பார்வைக்கு வரும்போது உரிமை கோரல் படிவத்தை மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அப்போதும் சிக்கல் என்றால் கொடுத்த தாள்களின் பிரதிகளோடு எனக்கு எழுதுங்கள். விசாரணைக்கு அழைத்தால் என்ன பேச வேண்டும் என்பதை நான் எழுதித் தருகிறேன்.